நீங்க எந்த எழுத்து, சார்?

என் சித்தியின் பீரியடை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுதப்படாத சட்டமாக இருந்தது. சித்தி என் அம்மாவின் தங்கை. டயர் கடைக்கும் பெயின்ட் கிடங்குக்கும் நடுவில் இருந்த ஒரு மூன்று மாடிப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பின்பக்கம் கம்பி வேலி போட்ட ஒரு மைதானம் இருந்தது. புல் கிடையாது, நிழல் கிடையாது. ஆனால் ஓடுவதற்கு இடம் இருந்தது.

ஓடத்தான் யாரும் விடவில்லை.

"டீச்சர், உங்க பீரியடை இன்னைக்கு நான் எடுத்துக்கறேன். போர்ஷன் முடியலை" என்பார் கணக்கு சார். கேட்பதில்லை, நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவார். கணக்கு சார் எடுக்காத நாளில் அறிவியல் டீச்சர் எடுப்பார். பரீட்சை நெருங்கினால் எல்லாரும் எடுப்பார்கள். சித்தி விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்பாள். சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். "நான் நின்னுபோன லிஃப்டை ஓட வைக்கறேன், நீ ஓடற பசங்களை நிக்க வைக்கற. நல்ல ஜோடிதான் நாம" என்று கேலி செய்வார். சித்தி சிரிக்க மாட்டாள்.

அந்த வருஷம் மூன்றாம் வகுப்பில் ஏழு குழந்தைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. தலைமையாசிரியை ஒரு முடிவெடுத்தார். மற்றவர்கள் மைதானத்துக்குப் போகும் நேரத்தில் அந்த ஏழு பேரும் வகுப்பிலேயே உட்கார்ந்து, கணக்கு சாரின் மேற்பார்வையில், பாடத்தைப் பார்த்து எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் எதைப் பார்த்து என்ன எழுதுவார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

முதல் நாள் சித்தி மைதானத்தில் விசில் ஊதிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், முதல் மாடி ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஏழு முகங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒரு பெண் குழந்தை கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டி, கீழே உருளும் பந்தைப் பிடிப்பதுபோல விரல்களை மூடி மூடித் திறந்தாள்.

சித்தி படியேறி மேலே போனாள்.

"சார், இவங்களை ஏன் அனுப்பலை?"

"படிக்கத் தெரியாத பசங்களுக்கு விளையாட்டு என்ன டீச்சர் வேண்டிக்கிடக்கு?"

இதே வார்த்தையைச் சித்தி தன் எட்டு வயதில் கேட்டிருக்கிறாள். அவளுக்கும் படிக்க வரவில்லை, அவளையும் இப்படித்தான் உள்ளே உட்கார வைத்தார்கள். அவளைப் படிக்க வைத்தது அந்தத் தண்டனையும் இல்லை, எந்த டீச்சரும் இல்லை. என் அம்மாதான். அக்காவும் தங்கையும் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பந்தயம் வைத்துக்கொள்வார்களாம். தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப் பலகையை முதலில் வாசிப்பவள் ஜெயித்தவள். தோற்றவள் இரண்டு பைகளையும் சுமக்க வேண்டும். ஒரு வருஷம் முழுக்கச் சித்திதான் சுமந்தாள். "தோள்பட்டை கழண்டுபோச்சு. அந்த வலி தாங்காமத்தான் படிச்சேன்" என்று இன்றைக்கும் சொல்வாள். அம்மாவோ, "நான் சும்மா இருந்திருந்தா இவ பெரிய பாக்கியசாலியா இருந்திருப்பா, ஒரு பையோட போயிருக்கும்" என்பாள்.

அந்த எட்டு வயதுக் கோபம் அப்படியே மேலே வந்தது.

"சார், இது யார் பீரியட்?"

"உங்க பீரியட்தான். அதுக்கு?"

"அப்ப பசங்களும் என் பசங்கதான். எழுந்திருங்க எல்லாரும். கீழே வாங்க."

ஏழு பேரும் கணக்கு சாரைப் பார்த்தார்கள், சித்தியைப் பார்த்தார்கள். கம்பி வழியாகக் கையை நீட்டிய பெண்தான் முதலில் ஓடினாள். அவள் ஓடின வேகத்தில் பெஞ்சு ஒன்று சாய்ந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ராக்கெட் என்று பெயர். கடைசியாக எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து வந்த பையனுக்குத் தூண் என்று பெயர்.

மணி அடித்து முடிவதற்குள் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்க விளையாட்டு டீச்சர். அதை ஞாபகம் வச்சுக்கங்க. நாளைக்கு இந்தப் பசங்க படிக்கலைன்னா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் மேடம்."

"என்னன்னு சொல்வீங்க?"

"நானே படிக்க வைக்கறேன். என் பீரியட்ல, மைதானத்துல. ஆனா இவங்களை உள்ளே உட்கார வைக்கக்கூடாது."

தலைமையாசிரியை மேசைமேல் இருந்த பதிவேட்டை மூடினார். "சரி, பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' எந்த ரகம் என்று சித்திக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும்தான் பயம் வந்தது. "வாய் விட்டுட்டு வந்துட்டேங்க. எப்படின்னு எனக்கே தெரியலை" என்றாள். சித்தப்பா, "கணக்கு சார் கால்ல விழுந்துடு, அதான் சுலபமான வழி" என்றார். அவள் கத்தியைத் தூக்கிக் காட்டிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள்.

அடுக்ககத்தின் கீழே பிள்ளைகள் தொட்டுப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிடிபட்டவன் சிலையாக நிற்க வேண்டும். கூட்டாளி ஓடிவந்து தொட்டால்தான் அவனுக்கு உயிர் வரும். "எனக்கு உயிர் கொடுடா, உயிர் கொடுடா" என்று ஒரு சிலை கத்திக்கொண்டிருந்தது. சித்தி நறுக்குவதை நிறுத்தினாள்.

"ஏங்க, தொட்டாத்தான் உயிர் வரணும்."

"யாருக்கு?"

"மெய்யெழுத்துக்கு."

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் அட்டைப்பெட்டிகளை வெட்டிக் கயிறு கோத்துக் கொடுத்தார்.

மறுநாள் ஏழு பேர் கழுத்திலும் ஏழு அட்டைகள் தொங்கின. நான்கு பேர் க், ப், ம், ல். மூன்று பேர் அ, ஆ, ஈ. மெய்யெழுத்துக்காரர்கள் நெற்றியில் சிவப்புக் காகிதத்தில் வட்டமாக ஒரு புள்ளி. புள்ளி இருக்கும்வரை அவர்கள் அசையக்கூடாது, பேசக்கூடாது. உயிரெழுத்துக்காரர்கள் ஓடிவந்து தொட்டு, புள்ளியைப் பிய்த்து, கையைக் கோத்து, இருவருமாக என்ன ஆனார்களோ அதைக் கத்த வேண்டும். ப் நிற்கிறான், ஆ வந்து தொடுகிறாள், "பா!" அப்புறம் ஜோடியாக ஓடி இன்னொரு மெய்யைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சொல்லின் கடைசியில் நிற்கிற மெய்க்குப் புள்ளி போகாதே, அதனால் அது ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டுதான் வர வேண்டும். "பா" என்று இரண்டு பேர் ஓட, பின்னால் தூண் ல் அட்டையோடு நொண்ட, "பால்!" என்று கத்திவிட்டு மூவரும் பால் குடிப்பதுபோலத் தலையை அண்ணாந்தார்கள். கல் என்றால் எறிய வேண்டும். கால் என்றால் உதைக்க வேண்டும். பல் என்றால் ஈ என்று காட்ட வேண்டும். ஈ அட்டைக்காரனோ யாரும் கிடைக்காத நேரத்தில் எல்லார் காதிலும் ரீங்காரம் செய்துகொண்டு சுற்றினான்.

திங்கட்கிழமைதோறும் எழுத்துகள் மாறின. ஒரு மாதத்துக்குள் மற்ற பிள்ளைகளும் அட்டை கேட்டார்கள். சத்தம் டயர் கடைவரை கேட்டது.

கணக்கு சாருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் பரீட்சைக்கு ஒத்திகை என்று சொல்லி ஏழு பேரையும் அழைத்துப் போக மைதானத்துக்கே வந்துவிட்டார். சித்தி விசில் ஊதவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் வகுப்புக்கு வாங்க" என்றார் சார்.

உயிரெழுத்துகள் மூன்றும் மூன்று பக்கமாக ஓடின. மெய்யெழுத்துகள் நான்கும் நின்ற இடத்தில் நின்றன. அசையவில்லை. சார் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கண் மட்டும் திரும்பியது. கடைசியில் தூணின் தோளைப் பிடித்து இழுத்தார். தூண் உதட்டை அசைக்காமல், பல்லிடுக்கு வழியாக, மிகவும் மரியாதையாகக் கேட்டான்:

"நீங்க எந்த எழுத்து, சார்?"

மாடி ஜன்னல்களில் சிரிப்பு வெடித்தது. ஐந்தாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பாடம் எடுத்துக்கொண்டிருந்த அறிவியல் டீச்சர் என்று ஒருவர் பாக்கியில்லை. கணக்கு சார் முகம் சிவந்து உள்ளே போனார். கெட்டவர் இல்லை அவர். இந்தப் பிள்ளைகள் தேறாமல் போனால் என்ன ஆவார்கள் என்று உண்மையாகவே பயந்தவர். அந்தப் பயத்தில் அவருக்கு உட்கார வைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் மைதானத்துக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

"சத்தம் தாங்க முடியலைன்னு எல்லா வகுப்புலயும் புகார்" என்றார் தலைமையாசிரியை. "கொஞ்ச நாளைக்கு விளையாட்டு பீரியட் அமைதியா நடக்கட்டும். முதல் மாடி வராந்தாவுல வச்சுக்கங்க. சத்தம் மட்டும் வரக்கூடாது."

"சத்தம்தானே வரக்கூடாது மேடம்?"

"ஆமா."

"வராது."

சித்தி துண்டுக் காகிதங்களை மடித்து ஒரு டப்பாவில் போட்டு வராந்தாவுக்குப் போனாள். ஒவ்வொருவராக வந்து ஒரு துண்டை எடுக்க வேண்டும். வாய்க்குள்ளேயே படிக்க வேண்டும். யாரிடமும் சொல்லக்கூடாது. எழுதியிருப்பதைச் செய்து காட்ட வேண்டும். மற்றவர்கள் அதைப் பார்த்து, அந்தச் சொல்லைச் சுவரில் விரலால் எழுத வேண்டும். தூங்கு. குதி. அழு. யானை மாதிரி நட. கதவைத் தட்டாதே. அந்தக் கடைசித் துண்டை எடுத்த பையன் ஒரு கதவுக்கு முன்னால் போய்க் கையை ஓங்கி, ஓங்கியபடியே நின்று, திரும்பி வந்தான். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சத்தம் வரவில்லை. மைதானத்தில் எழுத்து கற்றவர்கள் வராந்தாவில் சொல் கற்றார்கள். பூட்டு போட்ட மகராசிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சித்தி வீட்டில் சொல்லிக்கொண்டாள், பல்லைக் கடித்தபடிதான்.

ராக்கெட்டுக்கு மட்டும் எதுவும் ஏறவில்லை. மைதானத்திலேயே அவள் அட்டையைப் பார்க்காமல் கையில் கிடைத்தவனைத் தொட்டு "ஆ!" என்று கத்துகிறவள். வராந்தாவில் துண்டை எடுத்து, பிரித்து, பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்த்து எதையாவது செய்துவிடுவாள். உட்கார் என்றால் குதிப்பாள். சித்தி திருத்த மாட்டாள். டப்பாவை மறுபடி நீட்டுவாள்.

ஒரு நாள் அவள் துண்டைப் பிரித்தவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காகிதத்தையே பார்த்தாள். உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது. நிமிர்ந்தாள்.

"டீச்சர், நிஜமாவா?"

"சொல்லாத. செய்."

அவள் ஓடினாள். வராந்தாவின் கடைசிவரை ஓடி, படியிறங்கி, அலுவலக அறையைத் தாண்டி, நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த வாட்ச்மேன் துள்ளி எழ, கட்டடத்தைச் சுற்றி ஓடினாள். பூட்டிய மைதானத்தின் வேலியை ஒட்டி அவள் ஓடுவதை வராந்தாவிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அறையிலிருந்து வெளியே வந்த தலைமையாசிரியை மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"அந்தப் பொண்ணு எங்க ஓடறா?"

"ஓடலை மேடம்" என்றாள் சித்தி. "படிக்கறா."

ராக்கெட் இன்னொரு சுற்று முடித்து, அந்தப் பக்கத்துப் படி வழியாக மேலே வந்து, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப நிக்கணும்னு எழுதலையே டீச்சர்" என்றாள். கையில் கசங்கியிருந்த காகிதத்தில் இரண்டே எழுத்து. ஓடு.

வருஷக் கடைசியில் வாசிப்புப் பரீட்சை வைத்தார்கள். ஏழில் ஐந்து பேர் ஒரு பக்கக் கதையைத் தடுமாறாமல் படித்தார்கள். ராக்கெட் தடுமாறினாள், ஆனால் விடாமல் கடைசி வரிக்குப் போய்ச் சேர்ந்தாள். தூணுக்கு வரவில்லை. எழுத்துகளைத் தனித்தனியாகச் சொன்னான். சேர்த்தால் சொல் காணாமல் போனது.

"நானும் வகுப்புல சொல்லிக் கொடுத்திருக்கேன் டீச்சர், அதையும் கணக்குல எடுத்துக்கணும்" என்றார் கணக்கு சார்.

"எடுத்துக்கங்க சார்."

"அப்ப அடுத்த வருஷம் இந்த ஒருத்தனை மட்டும் விளையாட்டு நேரத்துல நான் உட்கார வச்சு..."

"அனுப்ப மாட்டேன்" என்றாள் சித்தி. "அவன் படிச்சாலும் படிக்காட்டியும் அந்த நேரம் அவனோடது. படிச்சவனுக்குப் பரிசா நான் மைதானத்தைத் தரலை சார். படிக்காதவன்கிட்டேருந்து பிடுங்கறதுக்கும் அது யார் வீட்டுச் சொத்தும் இல்ல."

சண்டை இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால் தலைமையாசிரியைக்கு இப்போது சித்தியைப் பிடித்துப்போய்விட்டது. புது வருஷம் தொடங்கியதும் பூட்டு திறந்தது. கூடவே ஒரு திட்டமும் வந்தது. இனிமேல் எல்லா வகுப்புக்கும் எல்லா விளையாட்டு பீரியடும் எழுத்து விளையாட்டுத்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் மதிப்பெண். யார் எத்தனை என்று சுவரில் அட்டவணை.

"மூணு நாள் எழுத்து வச்சுக்கறேன் மேடம். வியாழனும் வெள்ளியும் பந்து. மதிப்பெண் வேணாம்."

"பந்துல என்ன கத்துக்கப் போறாங்க?"

"பந்து."

தலைமையாசிரியை அதைச் சிரித்து ஒதுக்கிவிட்டார். சித்தி பிள்ளைகளிடம் போய் வியாழனும் வெள்ளியும் பந்து என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அட்டவணை சுவரில் காலியாகவே தொங்கியது.

பிறகு ஒரு மேலதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. எழுத்து விளையாட்டைப் பார்க்கத்தான் வருகிறார், பிடித்துப்போனால் பள்ளிக்கூடத்துக்கு விருது, சித்திக்குப் பாராட்டு.

"என்னைக்கு மேடம்?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை முடியாது மேடம். புதன்கிழமை வரச் சொல்லுங்க."

"விளையாடாதீங்க டீச்சர்."

"அதைத்தான் மேடம் அன்னைக்குச் செய்யப் போறோம்."

தலைமையாசிரியை அதை நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டார். வீட்டில் சித்தப்பாகூட, "ஒரு நாள்தானே, ஒரு வெள்ளிக்கிழமையை விட்டுக் கொடுத்தா என்ன?" என்றார்.

"என் பீரியடை எல்லாரும் இப்படித்தாங்க எடுத்தாங்க. ஒரு நாள்தானேன்னு."



வெள்ளிக்கிழமை மைதானத்து ஓரத்தில் துணிப்பந்தல் போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். புது அட்டைகள், பளபளக்கும் தாளில் அச்சடித்தவை, மேசைமேல் அடுக்கியிருந்தன. அதிகாரி வந்து உட்கார்ந்தார். பழச்சாறு கொடுத்தார்கள். மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து, பந்தலைப் பார்த்து, மேசையைப் பார்த்து, தயங்கி நின்றார்கள். ராக்கெட்தான் முன்னால் வந்தாள்.

"டீச்சர், இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே?"

 பந்தல் பக்கம் பார்த்தால் கால் பின்வாங்கிவிடும் என்று சித்தி அங்கே பார்க்கவில்லை. பையிலிருந்து பந்தை எடுத்து மைதானத்தின் நடுவில் வைத்து விசிலை ஊதினாள்.

அப்படி ஓர் ஆட்டம். புழுதியில் யார் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. இரண்டு செங்கல்லுக்கு நடுவில் தூண் கோல்காவலனாக நின்றான். அசையாமல் நின்று பழகியவன், வருகிற பந்துக்கு முன்னால் அப்படியே நின்றான். பந்துகள் அவன்மேல் மோதித் திரும்பின.

தலைமையாசிரியை வேலியை ஒட்டியே நடந்து வந்து சித்தியின் காதருகில் குனிந்தார். "எழுத்து எங்க?"

"திங்கக்கிழமை வரும் மேடம்."

அதிகாரி பழச்சாறு முடியும்வரை பொறுத்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லா விளையாடறாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். விருது அந்த வருஷம் வேறு எங்கோ போனது.

அன்று மாலை அலுவலக அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தலைமையாசிரியை அழாத குறையாகக் கேட்டார். "உங்களுக்கு நல்லது செய்யத்தானே பார்த்தேன்? ஊரே உங்களைப் பாராட்டியிருக்கும்."

"தெரியும் மேடம். நீங்க கஷ்டப்பட்டீங்கன்னும் தெரியும்." சித்தியின் குரல் இறங்கியது, ஆனால் உறுதியாக இருந்தது. "இந்தப் பசங்க எழுத்துகிட்ட பயப்படாம வந்தாங்க. ஏன்னா அது பரீட்சை இல்ல, விளையாட்டு. அதையும் மார்க் போட்டு எழுதினா, அப்புறம் அவங்க எங்க போய் விளையாடுவாங்க? கடைசியா மிச்சம் இருக்கறது இதுதான். இதைத் தர மாட்டேன்."

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதிலைச் சித்தி ஒரே வரியில் எழுதினாள்: 'அன்று வெள்ளிக்கிழமை.' விளக்கம் போதவில்லை, விரிவாக எழுதவும் என்று திரும்பி வந்தது. சித்தி யோசித்துப் பார்த்தாள். ஒரு சொல் சேர்த்தாள். 'அன்று வெள்ளிக்கிழமை, மேடம்.'

மூன்றாவது மெமோ வரவில்லை. தலைமையாசிரியை அந்த வருஷம் முழுக்க அவளோடு பேசவும் இல்லை. சித்தி கேட்ட எந்த வேலையும் நகரவில்லை, அவளைப் பற்றி மேலிடத்துக்கு நல்லதாக ஒரு வார்த்தையும் போகவில்லை. ஆனால் அவள் பீரியடை எடுக்க யாரும் வரவில்லை.

தூணுக்கு ஐந்தாம் வகுப்பில்தான் படிக்க வந்தது. எந்த விளையாட்டாலும் இல்லை, எந்த மிரட்டலாலும் இல்லை, அவனுக்கு வர வேண்டிய நேரத்தில் வந்தது. கணக்கு சார்தான் அதை முதலில் கவனித்து ஓடிவந்து சொன்னாராம். "டீச்சர், அவன் படிச்சுட்டான்!"

"சரி சார்" என்றாள் சித்தி. "இப்ப அவனை அனுப்புங்க. கோல் காலியா கிடக்கு."